ரெண்டே ரெண்டு மூடி

மோகனூர்
12.05.2025, திங்கள்

மாண்புமிகு கிருத்திகா நங்கையாருக்கு,

என்னைவிட ஒரு வயது மூத்த அத்தை மகளை மரியாதையாக ‘நங்கை’ என்று கூப்பிட வேண்டுமாம். அம்மா சொல்கிறாள். கூப்பிட்டாயிற்று. மரியாதை இந்த வரியோடு முடிந்தது.

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். இன்ஸ்டாவிலும். அத்தையின் போனுக்குள்ளும் புகுந்து என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய். போஸ்ட்மேனை எப்படி பிளாக் செய்வாய் என்று பார்க்கிறேன். எப்படியும் தையல் போட்ட டாக்டர் எனக்குப் போன் பார்க்கத் தடை போட்டிருக்கிறார். திரையை விரலால் தள்ளினால் எழுத்தோடு சேர்ந்து நானும் நகர்கிறேன். காகிதம் பரவாயில்லை, வைத்த இடத்தில் நிற்கிறது. எங்கள் வீட்டில் இப்போது அப்படி நிற்கிற பொருள் குறைவு.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் மட்டும்தான் என்னால் நேராக வர முடியும்.

ஏப்ரல் பதினேழு, மாரியம்மன் நோம்பியின் கடைசி நாள், மஞ்சள் நீர். முறைக்காரர்கள் ஒருவர் தலையில் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீ கோயில் முன்னால் ஒரு குடத்தை என் தலையில் கவிழ்த்துவிட்டு ஓடினாய். திருப்பி ஊற்றத் துரத்தினேன். மூன்றாவது எட்டில் கால் என் காலாக இல்லை. கருங்கல் தளம். பின்மண்டை. ‘டங்’. கோயில் மணி என்று நினைத்து ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

கீழே கிடந்தபோது என் முடியெல்லாம் நுரை. எலுமிச்சை வாசம். மாரியம்மன் கோயிலில் எலுமிச்சை வாசம் வருவது சகஜம். ஆனால் அது பாத்திரம் கழுவும் லிக்விட் எலுமிச்சை. எங்கள் அடுப்படியில் இருந்த பாட்டிலை எடுத்து உன் குடத்தில் ஊற்றிவிட்டு, பாட்டிலை எங்கள் மஞ்சள் நீர் அண்டாவுக்குப் பின்னால் போட்டுவிட்டாய். நீ ஊற்றியது மஞ்ச நீர் இல்லையடி, வஞ்ச நீர்.

ஊரில் என்ன பேச்சு தெரியுமா? அண்டாவில் சோப்பைக் கலந்து எல்லாரையும் வழுக்கிவிடப் பார்த்தவள் கோகிலவாணி, கடைசியில் அவளே வழுக்கிக்கொண்டாள். உன் பெயர் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. வருமா? நீ நல்ல பிள்ளை. நான் பத்தாம் வகுப்பில் பிரேயரின்போது மயக்கம் போட்டு விழுந்து, எறும்பு கடித்ததும் எழுந்து ஓடியவள்.

மண்டையில் மூன்று தையல். தையல் என்றால் பெண் என்று தமிழ் ஐயா சொல்லியிருக்கிறார். ஆக, என் தலையில் மூன்று பெண்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றும் நீதான்.

சி.டி. ஸ்கேன் நார்மல். நான்தான் நார்மல் இல்லை. படுக்கையில் வலது பக்கம் திரும்பினால் வீடு கிரைண்டர் மாதிரி சுற்றுகிறது. அரை நிமிடம்தான். அதற்குள் நான் மாவு. அண்ணாந்தாலும் சுற்றுகிறது, குனிந்தாலும் சுற்றுகிறது. அப்பாவிடம் சொன்னேன். “பண்றதெல்லாம் பண்ணிப்போட்டு இப்பத் தலை சுத்துதுங்கறயா? நடிச்சது போதுஞ் சாமி” என்றார். எனக்காகக் கோயில் கமிட்டியில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த கோபம். மறுபடி டாக்டரிடம் போகலாம் என்றால் அம்மா இஞ்சிச் சாறு தருகிறாள்.

ஜூன் 29, ஞாயிறு, வள்ளிக்கும்மி அரங்கேற்றம். நூற்றிருபது பேர். நான் முதல் வரிசை. குனியாமல், நிமிராமல், திரும்பாமல் அடிக்கிற அடி கும்மியில் ஒன்றுகூடக் கிடையாது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் அப்பாவிடமும் உன் அப்பாவிடமும் நீயே சொல்ல வேண்டும், அரை பாட்டில் சோப்பை ஊற்றியது நான்தான் என்று. நான் விழுந்தது என் விளையாட்டில்லை என்று தெரிந்தால்தான் என் தலைசுற்றலும் விளையாட்டில்லை என்று நம்புவார்கள். சொல்லவில்லையென்றால், கும்மி அடிக்க முடியாத இந்தக் கைகளால் உன்னைக் கும்மிவிடுவேன்.

இப்படிக்கு,
சுற்றம் சூழச் சுற்றிக்கொண்டிருக்கும்
கோகிலவாணி


செவ்வாய்ப்பேட்டை, சேலம்
16.05.2025

கோகிலவாணிக்கு,

உன் கடிதம் நேற்றுப் பகல் பதினொன்றே முக்காலுக்குக் கடைக்கு வந்தது. மூட்டை இறக்கும் நாச்சிமுத்து அண்ணன், “பாப்பாவுக்கு லெட்டரு வந்திருக்குதுங்கோ” என்று மளிகை வாங்க வந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். தோழியின் கடிதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இனி எழுதாதே.

நான் உன் தலையில் ஊற்றியது மஞ்சள் நீர். அதில் நான் எதையும் கலக்கவில்லை. உங்கள் வீட்டு பாட்டில், உங்கள் வீட்டு அண்டா. இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நீ விளக்கம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சென்ற ஆவணியில் திருச்செங்கோட்டு மண்டபத்தில் தண்டாயுதபாணி அண்ணன் கல்யாணம். வாசலில் நின்று பன்னீர் தெளிக்கும் வேலை எனக்கு. பன்னீர்ச் செம்பில் இருந்ததைக் கொட்டிவிட்டு உங்கள் தோட்டத்துக் கரும்புச் சாற்றை வடிகட்டி ஊற்றி வைத்தது யார்? முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மேல் நான் சிரித்துச் சிரித்துக் கரும்புச் சாறு தெளித்தேன். பட்டுப் புடவைகள். பந்தியில் உட்கார்ந்தவர்களை ஈ மொய்த்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா கழுத்தில் மட்டும் பதினேழு ஈ. நான் எண்ணினேன். அன்றையிலிருந்து சொந்தத்தில் எனக்குப் பெயர் ‘ஈக்காரி’. பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்நூற்று அறுபத்தெட்டு எடுத்தேன். வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட பெரியம்மாகூட, “நம்ம ஈக்காரியா இத்தன மார்க்கு?” என்றார்.

நீ அன்று ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. மேடைக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

உனக்குத் தலை சுற்றுகிறது என்பதை நான் நம்பவில்லை. அம்மாவும் நம்பவில்லை. ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை.

கிருத்திகா


மோகனூர்
21.05.2025

ஐந்நூற்று அறுபத்தெட்டுக்கு,

மார்க்குக்கு வாழ்த்துகள். மீதி முப்பத்திரண்டு ஏன் போனது என்று உங்கள் அப்பா கேட்டிருப்பாரே.

கரும்புச் சாறு நான்தான். மறுக்கவே மாட்டேன். என் வாழ்க்கையின் தலைசிறந்த வேலை அது. (அப்போது தலையும் சிறந்திருந்தது.) ஆனால் கவனி, அன்று யாராவது விழுந்தார்களா? குறும்புக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. துணியைக் கெடுக்கலாம், பேரைக் கெடுக்கலாம், தரையில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஆள் விழுந்துவிட்டால் அப்புறம் யார் சிரிப்பது? வாழ்நாளில் ஒரே ஒரு குறும்பு செய்தாய், அதையும் தொழில் தெரியாமல் செய்தாய்.

நேற்றுக் கும்மி ஒத்திகைக்குப் போனேன். வீட்டில் வேண்டாம் என்றார்கள், போனேன். குனிந்து கை தட்டி நிமிர்ந்து வலது பக்கம் திரும்பும் அடி. குனிந்தேன். தட்டினேன். நிமிர்ந்து திரும்பினேன். திடல் என்னோடு திரும்பாமல் தனியாகத் திரும்பியது. பக்கத்தில் நின்ற தனப்பிரியாவைப் பிடித்தேன். அவள் அடுத்தவளைப் பிடித்தாள். மொத்தம் நான்கு பேர் சரிந்தோம், சீட்டுக்கட்டு மாதிரி.

ஆசிரியர் தீர்த்தகிரி பாட்டை நிறுத்தினார். “ஏம்புள்ள, கும்மியடிக்கச் சொன்னா ஆளையே அடிச்சுப் போடறயா?”

“தலை சுத்துதுங்க ஐயா.”

“உனக்குச் சுத்தாத நாளு எது? போன மாசம் என்ற துண்டுல கொலுசைக் கட்டியுட்டு நான் நடந்தா ஜல்ஜல்னு கேக்க வெச்சயே, அப்பவும் தலை சுத்துச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அப்புறம் அவர் குரலை இறக்கி, “நாளையிலிருந்து வர வேண்டாங் கண்ணு” என்றார். அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முழு பாட்டிலையும் ஊற்றிவிட்டு நான் கலக்கவில்லை என்கிறாய். சரி. இன்றிலிருந்து பழிவாங்கல் ஆரம்பம்.

காவிரிக்கரை வேலியில் பூனைக்காலி காய்த்துத் தொங்குகிறது. அந்தச் சுணை பட்டால் மூன்று நாளைக்குச் சொறியலாம். இந்த உறையை எந்தக் கையால் பிரித்தாய்? அந்தக் கையால் முகத்தைத் தொட்டாயா?

முதல் வரிசையிலிருந்து துரத்தப்பட்ட
கோ.வா.


செவ்வாய்ப்பேட்டை
26.05.2025

கோகிலவாணிக்கு,

இதைக் கரண்டிக் காம்பால் காகிதத்தை அழுத்திப் பிடித்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த உடனே கையை ஆறு தடவை கழுவினேன். அரப்புத் தூள் போட்டு, பிறகு தேங்காய் எண்ணெய், பிறகு மறுபடி அரப்பு. முழங்கை வரைக்கும் சிவந்துவிட்டது. அது பூனைக்காலியா, நான் தேய்த்ததா என்று தெரியவில்லை. தோல் டாக்டர் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாமல் எப்படி அரிக்கும்?

சனிக்கிழமை என் படிப்பு நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. ஆணி கழன்றிருந்தது. இரண்டு வருடமாக அதில்தான் உட்கார்ந்து படிக்கிறேன், ஒரு நாளும் சாய்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என் ஷாம்பூ பாட்டில் மூடி தளர்வாக இருந்தது. நான் எப்போதும் இறுக்கி மூடுபவள்.

நீ எங்கள் வீட்டுக்கு வரவில்லை. உன்னால் வர முடியாது என்று அம்மா சொல்கிறாள், பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிறாயாம். அப்படியானால் யார் மூலம் செய்கிறாய்? நாச்சிமுத்து அண்ணனா? அவர் ஊர் மோகனூருக்குப் பக்கம் என்பது இன்றுதான் ஞாபகம் வந்தது.

நான் எதையும் கலக்கவில்லை. முழு பாட்டில் என்று எழுதியிருக்கிறாய். அபாண்டம். அளவாவது யோசித்து எழுது.

கிருத்திகா


மோகனூர்
30.05.2025

கரண்டி பிடித்த கைக்கு,

உன் கடித உறையை அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் எவ்வளவு பாசமா லெட்டரு போட்டுக்குதுங்க பாரு” என்று அப்பாவிடம் சொன்னாள். நானும் பாசம் என்றுதான் சொன்னேன். தரையில் படிந்து வழுக்கிவிடுகிற பாசம்.

நாச்சிமுத்து அண்ணனா, இல்லையா? நான் சொல்ல மாட்டேன். சேலம் பெரிய ஊர். எனக்கு அங்கே எத்தனை ஆள் இருப்பார்கள் என்று நீயே எண்ணிப் பார். எண்ணுவதில்தான் நீ கெட்டிக்காரி ஆயிற்றே.

என் பக்கத்துச் செய்தி. முந்தாநாள் அடுப்படி மேல்தட்டிலிருந்து சம்படம் எடுக்க அண்ணாந்தேன். தட்டு சுற்றியது. சம்படம் விழுந்தது, தட்டு விழுந்தது, அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் அத்தனையும் விழுந்தது, கடைசியாக நான். அம்மா ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, சம்படத்தைப் பார்த்தாள். “நசுங்கிப்போச்சேடி” என்றாள். எழுந்து போய் வாந்தி எடுத்தேன். அவள் வெளியே நின்று, “வெரலை உட்டு எடுக்கறயா?” என்று கேட்டாள்.

சிரிக்க நான் ஒன்றும் எழுதவில்லை என்று பார்க்கிறாயா? வரவில்லை, அதனால்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. சைக்கிளில் போக முடியாது. ஏறினால் இரண்டு சக்கரத்தோடு மூன்றாவதாக நானும் சுற்றுவேன். அப்பாவிடம் கேட்டேன். நடந்து போ என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும், மோகனூரில் சுவர் இல்லாத இடமெல்லாம் கரும்பு. கரும்பைப் பிடித்தால் அதுவும் என்னோடு சேர்ந்து ஆடுகிறது.

எல்லாம் எதனால்? நீ அன்றைக்கு ஹோட்டலுக்குப் போடுகிற ஐந்து லிட்டர் கேனைத் தூக்கி வந்து, கேன் முழுவதையும் குடத்தில் கவிழ்த்ததால். உங்கள் கடையிலிருந்தே கொண்டு வந்திருப்பாய். கேனோடு உன்னைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மாமாவுக்கு நானே எழுதப்போகிறேன், “உங்கள் மகள் ஐந்து லிட்டர் சோப்பால் என்னைக் கொல்லப் பார்த்தாள்” என்று. அளவைப் பார்த்தாலே போலீஸ் கேஸ்தான்.

அப்புறம், இன்றைக்கு ராத்திரிச் சோறு சாப்பிடுவதற்கு முன்னால் உப்பு டப்பாவை ஒரு தடவை முகர்ந்து பார்.

கோ.


செவ்வாய்ப்பேட்டை
04.06.2025

ஏய்,

நான் சரியாகச் சாப்பிட்டு நான்கு நாள் ஆகிறது. உப்பு டப்பாவை முகர்ந்தேன். உப்பு வாசம்தான். ஆனால் உப்புக்கு வாசம் உண்டா? எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நாற்காலியைத் தட்டிப் பார்த்துத்தான் உட்காருகிறேன். படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்க்கிறேன். நேற்று அப்பா, “ஏஞ் சாமி, நடக்கறப்ப செவுத்தைப் புடிச்சுட்டே போற? கண்ணு தெரியலையா?” என்று கேட்டார். நாச்சிமுத்து அண்ணன் தண்ணீர் கொடுத்தால் வாங்குவதில்லை. அவர், “நான் என்ன தப்புப் பண்ணுனேங் கண்ணு?” என்று கேட்டே விட்டார். எனக்கு அழுகை வந்தது.

ஐந்து லிட்டரா? ஐந்து லிட்டர் கேனா? எங்கள் கடையிலிருந்தா? உனக்கு மனசாட்சியே இல்லையா? அந்தக் குடத்தின் கொள்ளளவே எட்டு லிட்டர். ஐந்து லிட்டர் சோப்பை ஊற்றினால் மஞ்சள் தண்ணீருக்கு எங்கே இடம்? யோசித்துத்தான் எழுதுகிறாயா? முதலில் அரை பாட்டில், அப்புறம் முழு பாட்டில், இப்போது கேன். அடுத்த கடிதத்தில் டேங்கர் லாரி என்பாய். அப்பா அதை நம்பிவிட்டால்?

நான் ஊற்றியது ரெண்டு மூடி. ரெண்டே ரெண்டு மூடி. அதுவும் இரண்டாவது மூடி நிரம்பவில்லை, முக்கால்தான். பாட்டிலின் மூடி பத்து மில்லி பிடிக்கும். ஆக மொத்தம் பதினேழு பதினெட்டு மில்லி. உன் முடி எல்லார் முன்னாலும் நுரைத்து நிற்க வேண்டும், நுரைக்காரி என்று உனக்கும் ஒரு பெயர் வர வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். தரையைப் பற்றி நினைக்கவே இல்லை. உன்னைப் போல எனக்கு அனுபவம் இல்லை.

பொய் அளவு எழுதி அப்பாவிடம் காட்டாதே.

கிருத்திகா


மோகனூர்
07.06.2025

அன்புள்ள கிருத்திகா,

“நான் ஊற்றியது ரெண்டு மூடி. ரெண்டே ரெண்டு மூடி.”

என்ன அழகான கையெழுத்து உனக்கு. முத்து முத்தாக. கீழே கையொப்பம், மேலே தேதி. பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் மூன்று பிரதி எடுத்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டே போய் எடுத்தேன். ஒன்று அரிசிப் பானைக்குள், ஒன்று தனப்பிரியாவிடம், ஒன்று எங்கே என்று சொல்ல மாட்டேன்.

வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அழித்திருப்பாய். போனில் பேசியிருந்தால் இல்லை என்றிருப்பாய். அம்மாவின் போனை எடுத்து உன்னோடு சண்டை போட எனக்கு வழி இருந்தது, தெரியுமா? ஆனால் உன்னை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கடைக்கு வருகிறவர் கால் கிலோ சீரகத்தை இருநூறு கிராம் என்று சொன்னால்கூட உன்னால் சும்மா இருக்க முடியாது. யார் பேசினாலும் குறுக்கே புகுந்து திருத்துவாய். அதனால்தான் அரை, முழு, ஐந்து லிட்டர் என்று ஏற்றிக்கொண்டே போனேன். எத்தனையாவது கடிதத்தில் திருத்துவாய் என்பதுதான் கேள்வி. மூன்று என்று நினைத்தேன். மூன்றிலேயே விழுந்தாய்.

வருகிற ஞாயிறு, பதினைந்தாம் தேதி, மாமாவோடு எங்கள் வீட்டுக்கு வா. இரண்டு அப்பாக்களும் இருக்கும்போது உன் வாயாலேயே சொல். ரெண்டு மூடி என்றே சொல்லிக்கொள், அளவில் நான் தகராறு செய்ய மாட்டேன். வரவில்லையென்றால் திங்கட்கிழமை உன் கடிதம் உங்கள் கடைக் கல்லாப்பெட்டி மேல் இருக்கும். படித்துக் காட்ட நாச்சிமுத்து அண்ணன் இருக்கிறார். நல்ல குரல்.

கோகிலவாணி


செவ்வாய்ப்பேட்டை
19.06.2025

கோகிலவாணிக்கு,

ஊருக்கு வந்துவிட்டோம். அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. நேற்று உங்கள் வீட்டிலிருந்து சேலம் வரைக்கும் கார் ஓட்டினார். நாமக்கல் தாண்டியதும், “பதினெட்டு மில்லியாம்” என்றார். அவ்வளவுதான்.

நான் சொல்லி முடித்தபோது நீ சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் மாமா உன்னைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனபோது நானும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். பழிவாங்கத்தான் என்று தெரிந்துதான் வந்தேன். டாக்டரம்மா உன்னை மேஜையில் உட்கார வைத்து, தலையை வலது பக்கம் திருப்பிப் பிடித்துப் பட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். நீ மேஜை விளிம்பைப் பிடித்தாய். “கண்ணை மூடாதம்மா” என்றார். உன் கருவிழி இரண்டும் துடித்துத் துடித்துச் சுழன்றன. நான் எண்ண ஆரம்பித்தேன். இருபத்தாறு வினாடி.

மாமா, “இது… இவ வேணும்னே பண்றதில்லீங்களா?” என்று கேட்டார்.

“கண்ணு இந்த மாதிரி நடிக்காதுங்க. அடிபட்டதுல காதுக்குள்ள இருக்கற பொடி இடம் மாறிப்போச்சு. ஸ்கேன்ல தெரியாது. முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்றார் டாக்டர்.

மாமா வெளியே போய் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது. நான் பார்த்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் உன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி உருட்டி எழுப்பினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மாதம் நீ பட்டதற்குப் பத்து நிமிடம். இன்னும் ஒரு தடவை வர வேண்டும் என்றார்.

இதோடு விட்டிருக்கலாம் நீ. ஆனால் உன்னை மறுபடி கும்மியில் சேர்த்துக்கொள்ளக் கேட்டதற்கு ஆசிரியர் தீர்த்தகிரி, “முன் வரிசை இனி முடியாதுங் கண்ணு, தாங்கிப் புடிச்சுக்க பக்கத்துல ஒரு ஆளிருந்தா கடைசி வரிசையில நில்லு” என்று முடிப்பதற்குள் உன் விரல் என்னைக் காட்டிவிட்டது. எனக்குக் கும்மி தெரியாது. வலது இடது குழம்பும். பத்து நாள்தான் இருக்கிறது. ஊர் முழுக்கப் பார்க்கும். உனக்கு எல்லாம் தெரியும், அதனால்தான் காட்டினாய். அப்பா உடனே, “அவளே நிப்பா” என்றுவிட்டார்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கரும்புச் சாற்றை நானும் மன்னிக்கவில்லை. ஆனால் உன் கண் சுழன்றது கண்ணிலேயே நிற்கிறது.

நாளை முதல் ஒத்திகைக்கு வருகிறேன்.

கிருத்திகா


மோகனூர்
01.07.2025

கடைசி வரிசைக் கலைமாமணிக்கு,

கால் வீக்கம் எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டு வை. உப்பு டப்பாவை முகர வேண்டாம். நான் ஒன்றும் செய்யவில்லை.

எப்போதுமே செய்யவில்லை. உறையில் பூனைக்காலி இல்லை. வேலி வரைக்கும் நடக்கவே என்னால் முடியவில்லை, குனிந்து பறிப்பது எங்கே? நாற்காலி ஆணி தானாகக் கழன்றது. ஷாம்பூவை நீதான் சரியாக மூடவில்லை. சேலத்தில் எனக்கு ஒரு ஆள்கூடக் கிடையாது. நாச்சிமுத்து அண்ணனிடம் முதலில் போய் மன்னிப்புக் கேள், என்னிடம் அப்புறம் பார்க்கலாம். அந்த மூன்று வாரம் நீ நாற்காலியைத் தட்டிப் பார்த்து உட்கார்ந்தாய். நான் கட்டிலைத் தட்டிப் பார்த்துப் படுத்தேன். உனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இரண்டாவது தடவை போய் வந்ததும் முக்கால்வாசி சரியாகிவிட்டது. காதுக்குள் பொடி திரும்பத் தன் இடத்துக்குப் போய்விட்டதாம். காவிரி மணலாக இருந்திருந்தால் இந்நேரம் லாரிக்காரர்களே எடுத்திருப்பார்கள். கால்வாசி இன்னும் இருக்கிறது. கூட்டத்தில் நடந்தால் தரை கொஞ்சம் மெத்தை மாதிரி. அப்பா தினமும் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். வண்டியைக் கட்டை வண்டி மாதிரி ஓட்டுகிறார். நேற்று, “சாமி, சுத்துதா?” என்று கேட்டார். சுற்றவில்லை. “ஆமாங்ப்பா” என்றேன். நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் கணக்கு எனக்குத் தனி. மெதுவாகத் தீர்ப்பேன்.

இப்போது அரங்கேற்றம். நூற்றுப் பத்தொன்பது பேர் வலது பக்கம் திரும்பியபோது இடது பக்கம் திரும்பி, எதிரில் வந்த தனப்பிரியாவின் கையைத் தட்டி, “மன்னிச்சுக்கங்க” என்று சொன்ன ஒரே கலைஞர் நீ. கூட்டத்தில் யாரோ, “ஈக்காரி, ஈயை ஓட்டறயா கும்மி அடிக்கறயா?” என்று கத்தியதும் கேட்டது. வெளிர்பச்சைச் சேலையில் உன் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. ஒன்றரை மணி நேரம். நான் அடைந்த ஆனந்தத்துக்கு அளவே இல்லை. நீயே மூடியால் அளந்து சொல்.

ஆனாலும் ஒன்று. என் வலது முழங்கையிலிருந்து உன் கண்ணை நீ ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அதனால்தான் இடது வலது குழம்பியது என்று எனக்குத் தெரியும்.

நான்கு தடவை உன் மேல் சாய்ந்தேன். நான்கு தடவையும் பிடித்தாய். நான்காவது தடவை உன் நகம் பதிந்து இன்னும் தடம் இருக்கிறது. அந்த நான்கில் மூன்று நடிப்பு. ஒன்று நிஜம். அந்த ஒன்றில் நீ பிடிக்காமல் இருந்திருந்தால், மறுபடி ‘டங்’.

எது என்று கேட்டு எழுதுவாய். நான் சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் நோம்பிக்கு வருவாய், நான் எங்கேயாவது லேசாகச் சாய்வேன். அது நடிப்பா நிஜமா என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நீ ஓடி வந்து பிடிக்கத்தான் வேண்டும்.

கோகிலவாணி